விழுங்கியின் மறுவாய்

மண்கட்டியைச் சீசாவுக்குள் இறக்கிவிட்டால் அதன் பிறகு அந்த அம்மா பேசமாட்டார். கேள்வி கேட்டாலும் பதில் வராது. வாய் அகன்ற கண்ணாடிச் சீசா, முக்கால்வாசி தண்ணீர், உள்ளே ஒரு சிறு கம்பிவலை, அதன்மேல் எலுமிச்சை அளவு காய்ந்த மண். வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்காமல், உதட்டை மட்டும் அசைத்து எண்ணுவார். நான் பார்த்த அன்று ஒன்பதாவது எண்ணில் கட்டியின் ஓரம் புகைபோல அவிழ்ந்தது. பதினான்கில் கட்டி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வலைக்குக் கீழே சேறு, மேலே கலங்கல்.

"போச்சு," என்றார். துக்க வீட்டு வாசலில் பேசுகிற குரல். "உசுரு இருக்கற மண்ணு கைய கோத்துக்கிட்டு நிக்குங்க. அரை மணி நேரம் ஆனாலும் நிக்கும். இது பாருங்க, நீ யாரோ நான் யாரோன்னு பிரிஞ்சு போகுது." சீசாவை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். "ஆனா போன வருஷம் நாலுலயே போச்சு. இப்பப் பதினாலு. பரவாயில்ல."

வயது ஐம்பத்து நான்கு. மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி எடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, மூன்றாவது ஸ்கூட்டர். நியமன ஆணையில் இருக்கிற பதவிப் பெயர் ஒரு வரி நீளம். அவருக்கே முழுதாக நினைவில்லை. ஸ்கூட்டரின் பின்பெட்டியில் நாற்பது சீசாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிலுகிலுவென்று வரும். அந்தச் சத்தம் மண்ரோட்டில் திரும்பும்போதே, "சீசாக்காரம்மா வருது" என்று ஆள் மாற்றி ஆள் சொல்லிவிடுவார்கள். மருந்து தெளிக்கிற டப்பாவைச் சிலர் அவசரமாகப் புதருக்குள் தள்ளுவார்கள்.

"எனக்குத் தெரியாதா என்ன? அந்தப் புதர்ல இருந்தும் ஒரு பிடி மண்ணு எடுத்துப்பேன்," என்று சிரிப்பார். சிரிக்கும்போது பல் தெரியாது. தோள் மட்டும் குலுங்கும்.

சீசாவில் ஒட்டுகிற சீட்டில் பென்சிலால்தான் எழுதுவார். மை ஈரத்தில் ஊறிப் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. எந்தக் கிணற்றிலும் சீசாவை இறக்குவதற்கு முன் சுவரை மூன்று தடவை விரலால் தட்டுவார். ஏன் என்று கேட்டேன். "உள்ள பாம்பு இருந்தா நகந்துக்கும்," என்றார். பாம்பே இறங்க முடியாத குழாய்க் கிணற்றிலும் தட்டியதைப் பார்த்தேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவரிடம் இதைச் சொன்னபோது, "அது பரவால்லங்க," என்றார். "கல்யாணமாகி வீட்டுக்கு வந்த மொத நாளு, எங்கம்மா ஆசையா ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாங்க. வாங்கி மோந்து பாத்தா. எங்கம்மா கடைசி வரைக்கும் அத மறக்கவே இல்ல."

நாங்கள் உட்கார்ந்திருந்த வயலில் ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சிறிது நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. சத்தம். பத்து ஏக்கர் நிலத்தில் ஒரு பூச்சி கத்தவில்லை. பக்கத்துத் தோட்டத்து மரத்தில் குருவிகள் இரைந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட இந்தப் பக்கம் இறங்கவில்லை. அவர் மண்வெட்டியால் முழ ஆழத்துக்கு வெட்டிக் கரையில் கொட்டிக் கிளறினார். ஒரு மண்புழு இல்லை. மேற்பரப்பு அப்பளம்போலப் பாளமிட்டிருந்தது. மிதித்தால் உடையும் ஓசை என்னுடைய ஓசையா, எனக்குப் பின்னால் வருகிற யாருடையதோவா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

"யார் நிலம்?"

"எங்க அண்ணனோடது."

அண்ணனுக்குப் பன்னிரண்டாயிரம் கோழிகள். நீளமான நான்கு கொட்டகைகள். கோழி எரு நல்ல உரம்தான். அளவாகப் போட்டால் மண் உண்ணும். இங்கே எருவைக் கொட்ட இடம் வேண்டும் என்பதற்காகவே வயல் இருந்தது. பதினைந்து வருடம், மழை நாள் வெயில் நாள் பாராமல், பயிர் இருக்கிறதா இல்லையா என்றும் பாராமல் கொட்டியிருக்கிறார்கள். மண்ணில் உப்பேறி, புழு செத்து, துளைகள் அடைத்துக்கொண்டன. அதன்பின் மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் எருவைக் கரைத்துக்கொண்டு வழுக்கி, தாழ்ந்த மூலைக்கு ஓடியது. அந்த மூலையில்தான் விழுங்கி இருக்கிறது.

விழுங்கி என்பது ஒரு குழி. மேலே வண்டிச் சக்கரம் அளவு. உள்ளே போகப் போகச் சாய்ந்து, சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே கறுப்பாக மறைகிறது. கல்லைப் போட்டால் இரண்டு முறை மோதும் ஓசை கேட்கும். மூன்றாவது கேட்காது. அது நிரம்பியதை யாரும் பார்த்ததில்லை. கொட்டகை கழுவிய நீர், எருக்குவியலில் ஊறிய மழை, கோழி செத்த காலத்தில் கோழிகள், எல்லாம் அதற்குள் போயிருக்கின்றன. "எவ்வளவு குடுத்தாலும் வேணாங்காது. நமக்குன்னு கடவுள் வெட்டி வச்ச சாக்கடை," என்று அண்ணன் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாராம்.

என்னை அதன் அருகே அழைத்துப் போனபோது காலை ஒன்பது மணி. குழியிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த, ஈரமான, நீளமான காற்று. மக்காச்சோளச் சருகு ஒன்றை விளிம்பில் வைத்தேன். அது சிலிர்த்து என் காலடிக்கு நகர்ந்து வந்தது. மதியம் திரும்பி வந்து அதே சருகை அதே இடத்தில் வைத்தார் அவர். இம்முறை சருகு மெல்லத் திரும்பி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, உள்ளே போய்விட்டது.

"காலைல விடும், மத்தியானம் இழுக்கும்," என்றார். "வெளிய காத்தழுத்தம் மாறுனா அப்பிடித்தான். ஒண்ணும் பேய் இல்ல. உள்ள அவ்வளவு பெரிய வெத்திடம் இருக்குன்னு அர்த்தம்."

விளக்கம் கேட்டால் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியது.

இந்தக் குழியின் மறுவாய் எங்கே என்று அவர் கண்டுபிடித்த கதை போன வருடத்தியது. அவர் சொல்லியும், சம்பந்தப்பட்ட பெண் சொல்லியும் கேட்டதை எழுதுகிறேன்.

பண்ணையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் கடைசி வீடு ஒன்று இருக்கிறது. கீழ்வீடு என்பார்கள். தச்சுவேலை செய்கிற கணவன், மனைவி, மாமியார். அவர்கள் கிணறு அந்தப் பக்கத்திலேயே பேர் போனது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை மேலிருந்து எண்ணலாம். கோடையிலும் பல்லைக் கூசவைக்கிற குளிர்ச்சி. அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாதக் குழந்தை ஒன்று இறந்தது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. உதடு நீலமாயிற்று, பிறகு நகம், பிறகு முகம். பாட்டில் பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை எழுந்திருக்கவில்லை.

அப்போதிருந்து அந்த வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கிணற்றுக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்பதாக மாமியார் சொன்னார். மருமகள் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தண்ணீர் இறைக்கக் குனிந்தபோது அவள் முகத்திலும் அந்தக் காற்று பட்டது. இன்னொரு நாள் வாளியில் ஒரு வெள்ளை இறகு வந்தது. நனைந்து, ஒட்டி, விரல் நீளத்தில்.

"எங்க வீட்டுல கோழியே கெடையாதுக்கா," என்று சீசாக்காரம்மாவிடம் பின்னால் சொன்னாள். "கிணத்துக்கு மேல மூடி வேற இருக்கு. அது எங்கேந்து வந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சு, என் குழந்தைதான் ஏதோ சொல்ல வருதுன்னு நெனச்சுட்டேன்." அந்த இறகைக் காயவைத்து, குழந்தையின் சட்டைகளோடு மடித்து வைத்திருந்தாள்.

இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆண். தாய்ப்பால் போதவில்லை. மாமியார் தொட்டிலை அறை மாற்றி அறை வைத்தார். முதல் குழந்தை கிடந்த அறையை வெளியே தாழ்போட்டுவிட்டார்கள். மருமகளோ எதையும் விதியென்று விடுகிறவள் இல்லை. பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்தாள். பால்மாவு கரைக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இன்னும் கால்மணி நேரம் கொதிக்கவிட்டாள். ஏழாவது வாரம் குழந்தையின் உதடு நீலமாயிற்று.

இம்முறை அவள் அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டரம்மா ஊசிக்குழாயில் எடுத்த ரத்தத்தைப் பார்த்தார். சிவப்பாக இல்லை, சாக்லெட் நிறத்தில் இருந்தது. "பாலு எந்தத் தண்ணில கலக்கறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மதியத்துக்குள் குழந்தையின் நிறம் திரும்பியது. டாக்டரம்மா பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தார்.

சீசாக்காரம்மா போய்க் கிணற்றுச் சுவரைத் தட்டி, சீசாவை இறக்கி எடுத்தார். கண்ணாடியும் தண்ணீரும் பிரித்தறிய முடியாத தெளிவு. "தண்ணி கலங்கலா இருந்தா எனக்குப் பயமே கெடையாது," என்று என்னிடம் சொன்னார். "தான் அழுக்குன்னு அதுவே சொல்லிடும். இவ்வளவு அழகா இருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன்." நைட்ரேட் இருக்கலாம் என்று சொல்லப்படும் அளவைப்போல ஐந்து மடங்கு இருந்தது. நிறம், மணம், ருசி எதுவும் இல்லாத உப்பு. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் ரத்தத்துக்குள் புகுந்தால் மூச்சுக்காற்றை எடுத்துச் செல்ல விடாது.

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் கொதிக்க வெச்சுத்தானே குடுத்தேன்? நல்லாவே கொதிக்க வெச்சேன்க்கா. அப்புறம் எப்பிடி?"

நான் இடைமறித்தேன். "அதற்கு என்ன சொன்னீர்கள்?"

"உள்ளதச் சொன்னேன்," என்றார். "கொதிக்க வெச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். அது போகாது. கெட்டியாகும்." சிறிது நேரம் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "சொல்லாம இருக்கலாமான்னு யோசிச்சேங்க. இன்னொண்ணு உசுரோட இருக்கே. நாளைக்கு மறுபடியும் கொதிக்க வெச்சுக் குடுத்துட்டா?"

அதைக் கேட்ட அந்தப் பெண் உள்ளே போய் அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, "வேற தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டாளாம். அன்று மாலையே நிலையத்தின் வண்டியில் குடிநீர் வந்தது.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? கீழ்வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வயலே இல்லை, புதர்க்காடுதான். கழிவறை கிணற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம், இறக்கத்தில். மூன்று நாள் சுற்றியும் பிடி கிடைக்கவில்லை. நான்காம் நாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, மடித்து வைத்திருந்த இறகை எடுத்துக் காட்டினாள். சீசாக்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த இறகை எந்தக் கோழி உதிர்த்திருக்கும் என்று கேட்க அவருக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. அண்ணனின் கொட்டகைகளில் கோழிக்குஞ்சு இறக்கிய முதல் நாள் அவரும் கூட நின்றிருந்தார்.

அன்றே அண்ணனிடம் போனார். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, விழுங்கிக்குள்ள ஒரு சாயம் ஊத்திப் பாக்கணும்."

அண்ணன் சிரித்தார். அறுபது வயது அண்ணனுக்கு இவர் இன்னும் பாப்பாதான். "ஊத்திக்க பாப்பா. அது என்னென்னத்தையோ குடிச்சிருக்கு, உன் சாயம் அத என்ன பண்ணும்? நம்ம தண்ணி நேரா பூமிக்கு அடியில போயிடுது. அங்க யாரு இருக்கா?"

"அதத்தாண்ணே பாக்கணும்."

ஒரு டப்பா பச்சைச் சாயம். உயிருக்குக் கெடுதல் செய்யாதது. துளி விழுந்தாலும் வெயிலில் ஒளிரும். குழிக்குள் ஊற்றி, பின்னாலேயே நான்கு தொட்டி தண்ணீரை விட்டார். விழுங்கி அத்தனையும் குடித்துவிட்டுக் கொப்புளிப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. பிறகு அமைதி. சுற்று வட்டாரத்தில் பதினேழு கிணற்றுக்காரர்களிடம் சொல்லி வைத்தார். தினமும் காலை, மதியம், மாலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. "வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்," என்றார் என்னிடம். "வேலைய ஒழுங்காச் செய்யறவ வேண்டிக்கற வேண்டுதலா அது?"

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. யாரோ வேகமாக மூச்சு வாங்குகிற ஒலியும், பின்னால் வாளி உருளுகிற ஒலியும். பிறகு மாமியாரின் குரல்: "அம்மா, கிணறு கண்ண முழிச்சிருச்சு."

போய்ப் பார்த்தார். உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கிணறு முழுக்கப் பச்சை. இலையின் பச்சை இல்லை, பாசியின் பச்சை இல்லை. உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோலத் தானாக எரிகிற பச்சை. அந்த வெளிச்சம் கிணற்றுச் சுவரில் ஆடியது. குனிந்து பார்த்தவர்கள் முகத்தில் ஆடியது. மாமியார் கைகூப்பி நின்றார். தச்சர் கையில் உளியோடு வாசலைத் தாண்டி வரவில்லை. அந்தப் பெண் மட்டும் கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி, "யாருக்கா அது? உள்ள இருக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா," என்றார் சீசாக்காரம்மா. பிறகு, பொய் சொல்லிவிட்டோமே என்று தோன்ற, "எங்க அண்ணன்," என்றார்.

பச்சை நீரை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு நேராகப் பண்ணைக்குப் போனார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் சீசாவை வைத்தார்.

"எங்க வந்துச்சு?"

"கீழ்வீட்டுக் கெணத்துல."

அண்ணன் சீசாவையே பார்த்தார். கையில் எடுத்த கவளம் தட்டுக்கும் வாய்க்கும் நடுவிலேயே நின்றது. "அந்த மொத கொழந்தைய அடக்கம் பண்ணப்போ நானும் போயிருந்தேன் பாப்பா," என்றார். "ஒரு கைப்பிடி மண்ணு அள்ளிப் போட்டேன். பாவம், யாரு கண்ணு பட்டுச்சோன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் கை கழுவ எழுந்திருக்கவில்லை. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தாராம். கடைசியில், "ரிப்போர்ட்டுல எம்பேர எழுதணுமா?" என்று கேட்டார்.

"எழுதணும்ணே."

"எழுதும்போது கை நிற்கவில்லையா?" என்று நான் கேட்டேன்.

"பென்சிலுங்க," என்றார். "அது பாட்டுக்குப் போகும்." ஆனால் அந்த அறிக்கையின் கைப்பிரதியை நான் பார்த்தேன். அண்ணன் பெயர் இருக்கும் வரியில் பென்சில் முனை ஒடிந்து தாள் கிழிந்திருக்கிறது.

பதினோரு மாதமாக அண்ணன் அவரோடு பேசவில்லை. அறிக்கை சொன்னதை மட்டும் ஒன்றுவிடாமல் செய்தார். எருக்குவியலுக்குச் சிமெண்டுத் தளமும் கூரையும் வந்தன. கொட்டகை கழுவிய நீர் தொட்டிக்குப் போகிறது. விழுங்கியைச் சுற்றி நாற்பதடிக்கு வேலி. வேலிக்குள் அடர்ந்த புல், வருகிற நீரை நிறுத்தி வடிகட்ட. எருவைப் பயிர் கேட்கிற காலத்தில், கேட்கிற அளவுக்குத்தான் போடுகிறார்கள். பாதிக் கோழிகளைக் குறைத்துவிட்டார். நிலம் இனி வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்று மூடுபயிர் விதைத்திருக்கிறார்; இன்னும் முளை தெரியவில்லை. நாங்கள் வயலில் இருந்தபோது தூரத்தில் கொட்டகை வாசலில் ஒருவர் எங்களையே பார்த்தபடி நின்றார். கை அசைக்கவில்லை. சீசாக்காரம்மாவும் அசைக்கவில்லை. "அவருதான்," என்றார். "நான் வர்ற நாளெல்லாம் அங்க வந்து நிப்பாரு. போன வாரம் மொதத் தடவையா, மண்ணு எத்தனை எண்ணுற வரைக்கும் நின்னுச்சுன்னு ஆள் விட்டுக் கேட்டாரு."

அன்று மாலை கீழ்வீட்டுக்கும் போனோம். சாயம் எப்போதோ வெளுத்துவிட்டது. கிணறு மறுபடியும் கூழாங்கல் எண்ணுகிற தெளிவு. பூட்டியிருந்த அறை திறந்திருந்தது. தச்சர் அங்கே புதிதாக ஒரு ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தார். பையனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. வாளியைப் பிடித்து எழுந்து நிற்பதும் பொத்தென்று உட்காருவதுமாக இருந்தான். மாமியார் என்னைத் தனியாக அழைத்து, "இப்பவும் காலைல மூச்சு விடுது," என்றார். "ஆனா முன்ன மாதிரி நாத்தம் இல்ல."

சீசாக்காரம்மா கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மருந்து கலந்து, நிறம் ஏறுவதற்காகக் காத்திருந்தார். இளஞ்சிவப்பு, அதற்கு மேல் ஏறவில்லை. அட்டையில் இருந்த நிறங்களோடு மூன்று தடவை ஒப்பிட்டார். நிலையத்திலும் போன மாதமே இதே கணக்கு வந்திருந்தது. இது மறு உறுதிக்காக.

"அளவுக்குள்ள வந்துருச்சு," என்றார் அந்தப் பெண்ணிடம். "இனிமே குடிக்கலாம். எழுதித் தந்துடறேன்." எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது பையன் கிணற்று நீர் இருந்த வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினான். ஈரக் கையை எடுத்து, ஐந்து விரலையும் சேர்த்து வாய்க்குக் கொண்டு போனான்.

சீசாக்காரம்மா இரண்டு எட்டில் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை ஒற்றித் துடைத்தார். சுண்டுவிரல் வந்ததும் நிறுத்திவிட்டு, துண்டின் காய்ந்த பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.